பிறேக் பிடிக்கப் பழகிய நாள்

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, ஆண்டு எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதம் என்பது நிச்சயம். மதுரங்குளிப் பக்கம் கடலோரக் களப்பில் தண்ணீர் வற்றி, கரை நெடுகிலும் தரை இறுகி, வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்த நேரம் அது. அந்தத் தரையில்தான் நான், நாற்பத்தொரு வயதில், மோட்டார் சைக்கிள் பழகினேன்.

பழகினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதற்கு முன் பத்து வருடமாக மோட்டார் சைக்கிளிலேயே திரிந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் ஓடினேன். தொண்ணூற்றைந்தில் எல்லோரோடும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன பிறகு அங்கேயும் ஓடினேன். லைசன் மட்டும் இல்லை. அங்கே யார் கேட்டார்கள்? பிறகு வவுனியா வழியாக மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புத்தளம் பக்கம் வந்து, உடப்பில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பொலிசில் பெயர் பதிந்து, எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அந்த எட்டு மாதத்தைப் பற்றி எழுதினால் அது வேறு கதை. விடுவோம்.

அப்போது அந்தக் கரையோரம் முழுக்க இறால் பண்ணைகள். பண்ணைகளுக்குத் தீன் விற்கிற ஒரு கம்பனியில் ஆள் தேடினார்கள். குளம் குளமாகப் போய்த் தண்ணீரைச் சோதித்து, கணக்கு எழுதிக்கொண்டு வருகிற வேலை. எனக்கு அந்த வேலை கிடைத்த மாதிரித்தான். ஆனால் மனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மோட்டார் சைக்கிள் கம்பனி தரும், லைசன் நான் கொண்டு வரவேண்டும், அதுவும் அந்த மாத முடிவுக்குள். இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்றார். எழுத்துப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன். மிஞ்சியது வண்டி ஓட்டிக் காட்டுகிற பரீட்சை.

தேங்காய்ப் பொச்சுமட்டையை எட்டு வடிவில் அடுக்கி வைத்துப் பழக்குகிற ஒருவர் மதுரங்குளியில் இருக்கிறார் என்று சொன்னார்கள். போனேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், முஸ்லிம், மெலிந்த ஆள். நான் வாயைத் திறந்த உடனே, "அண்ணை யாழ்ப்பாணமோ? நானும் அங்கதான்" என்றார். எனக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. ஊர்க்காரன் என்று கை கொடுத்துவிட்டேன். கையைக் கொடுத்தபடியேதான் எனக்கு உறைத்தது. தொண்ணூறாம் ஆண்டு இரண்டு மணித்தியாலத் தவணையில் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட முஸ்லிம் சனத்தில் அவரும் ஒருவர். போகச் சொன்னது புலிகள், நானில்லைதான். என்றாலும் அதற்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து ஊர்க் கதை கதைக்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதை எடுக்கவில்லை. தன்னுடைய ஆட்களோடு புத்தளத்துக்காரர் மாதிரிக் கதைத்தாலும் என்னோடு மட்டும் சுத்த யாழ்ப்பாணத்தில் கதைத்தார்.

முதல் நாள் எனக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகும். களப்புக் கரையில் பொச்சுமட்டைகளை எட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தார். கால் ஊன்றாமல், மட்டையில் இடிக்காமல், மூன்று தரம் சுற்றி வரவேண்டும். இவ்வளவுதானே என்று ஏறினேன். முதல் வளைவிலேயே கால் ஊன்றினேன். இரண்டாவதில் மட்டைக்கு மேல் ஏறினேன். மூன்றாவது தரம் வண்டியோடு சரிந்து கிடந்தேன். பக்கத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பொம்பிளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேகமா ஓடுறதுக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை அண்ணை. மெல்லமா ஓடத்தான் பழக வேணும்" என்று சொல்லி அவர் ஏறிக் காட்டினார். கிளச்சைப் பாதி விட்டு, பின் பிறேக்கை மட்டாக மிதித்தபடி, முன் சில்லைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டு, நடந்து போகிற ஆளின் வேகத்தில் எட்டைச் சுற்றி வந்தார். வண்டி ஆடக்கூட இல்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எட்டு ஒரு கிழமையில் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது பிறேக். தரையில் குறுக்கே ஒரு தும்புக் கயிற்றைப் போட்டுவிட்டு, மூன்றாம் கியரில் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பார். கால் ஊன்றுவது கடைசியில்தான். நான் என்ன செய்வேன் தெரியுமா? கயிற்றைக் கண்டதும் இரண்டு காலையும் தரையில் போட்டுத் தேய்ப்பேன். கிளச்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் நின்றுவிடாமல் வலது கையால் ஒரு முறுக்கு முறுக்குவேன். வண்டி பெரிதாக உறுமிக்கொண்டே கயிற்றைத் தாண்டிப் போய் நிற்கும்.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு விளங்காது. யுத்தத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் வண்டி ஓடியது மண்ணெண்ணெயில். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எஞ்சின் ஒருதரம் நின்றால் திரும்பவும் அந்தப் பெற்றோலில் கை வைக்க வேண்டும். அது மருந்து மாதிரி. அதனால் எங்கே நின்றாலும் எஞ்சினை நிற்க விடமாட்டோம், முறுக்கிக்கொண்டே இருப்போம். பிறேக் கட்டைக்கு எங்கே போவது? தேய்ந்தால் தேய்ந்ததுதான். சரளைக் கிறவல் றோட்டில் முன் பிறேக்கைப் பிடித்தால் ஆளே பறந்துவிடும். ஆகவே நிறுத்துவதற்குக் கால் இருந்தது, செருப்பு இருந்தது. இப்படிப் பத்து வருடம் ஓடிப் பழகிய உடம்பு, இரண்டு கிழமையில் கேட்குமா?

அவர் விடவில்லை. "அண்ணை, இந்த வண்டிக்குப் பிறேக் இருக்கு. அதை நம்புங்கோ" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். எனக்கு உள்ளுக்குள் கோபம் வரும். பரீட்சையில் எட்டுத்தானே பார்ப்பார்கள், பிறேக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக இரண்டு தரம் ஒழுங்காகப் பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்பவும் எட்டுக்குப் போய்விடுவேன். மடையன், வேறென்ன.

திங்கட்கிழமை சிலாபத்தில் பரீட்சை. சனிக்கிழமை பின்னேரம் கடைசிப் பழக்கம். நாலு மணியிருக்கும். எட்டை நன்றாகப் போட்டேன். அவருக்கும் முகம் மலர்ந்தது. "ஒருக்கா மெயின் றோட்டு மட்டும் போயிற்று வாங்கோ, றோட்டில ஓடின மாதிரியும் இருக்கும்" என்று அனுப்பிவிட்டு, மட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

கரையிலிருந்து மெயின் றோட்டுக்கு ஒரு கிறவல் பாதை. இரண்டு பக்கமும் தென்னந்தோட்டம். நடுவில் வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு, மதகடியில் ஒரு வளைவு. இரண்டு கிழமையாக நான் நடந்து வந்து போகிற பாதைதான். அன்று மத்தியானம் வரும்போதும் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது போல. ஆமி வந்து மதகில் வழிமறித்துச் சோதிக்கிற திடீர்ச் சென்றி ஒன்று போட்டிருந்தது. இரண்டு தார்ப்பீப்பா, குறுக்கே ஒரு தென்னங்குற்றி, பக்கத்தில் நாலு மண்மூட்டை. எனக்குத் தெரியாது.

நான் மூன்றாம் கியரில் வளைவில் திரும்பினேன். முன்னுக்கு ஆமி. "நவத்தன்ன!" என்று ஒரு சத்தம். நில் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் அதுவும் ஒன்று. விளங்கியது. நிற்கத்தான் பார்த்தேன். சத்தியமாக நிற்கத்தான் பார்த்தேன். ஆனால் என் கால் இரண்டும் தரைக்குப் போய்விட்டன. வலது கை முறுக்கிவிட்டது. எஞ்சின் ஊரே கேட்கிற மாதிரி உறுமியது. கண்ணுக்கு முன்னால் தென்னங்குற்றி வந்துகொண்டிருந்தது.

ஹெல்மெட் போட்ட ஒருத்தன், நிற்கச் சொன்ன பிறகு எஞ்சினை முறுக்கிக்கொண்டு சென்றியைப் பார்த்து வருகிறான். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வருகிறான்.

துவக்கு வெடி கேட்டது. என் முன்னாலிருந்த மண் கிளம்பி முகத்தில் அடித்தது. வண்டி ஒரு பக்கம் போய் விழ, நான் இன்னொரு பக்கம் போய் விழுந்தேன். செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தபோது பயம்கூட வரவில்லை. திங்கட்கிழமை பரீட்சைக்கு யார் போவது என்றொரு யோசனைதான் வந்தது. என்ன மூளையோ.

பிறகுதான் பயம் வந்தது. முகம் குப்புறக் கிடக்கிறேன். பிடரியில் துவக்கு முனை. விழுந்த வண்டியில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்கிறார்களாக்கும் என்று நினைத்துச் சாவிப் பக்கம் கையை நீட்டினேன். முதுகில் சப்பாத்துக் கால் ஒன்று ஏறியது. நீட்டிய கையை அப்படியே விட்டேன். பழகுநர் அனுமதிப் பத்திரம், பொலிஸ் பதிவுத் துண்டு, அடையாள அட்டை எல்லாம் போட்டிருந்த சேட்டுப் பைக்குள் என் நெஞ்சுக்குக் கீழே இருக்கின்றன. சொல்லப் பாஷை இல்லை. காட்டக் கையில்லை.

அந்த நேரம்தான் அவருடைய குரல் கேட்டது. தலையைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பிப் பார்த்தேன். அந்த மெலிந்த மனுசன் வளைவால் ஓடி வருகிறார். சேட்டைக் கழற்றி ஒரு கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார், மற்றக் கையையும் மேலே தூக்கியிருக்கிறார். இடுப்பில் ஒன்றும் கட்டவில்லை என்று தெரியட்டுமாம். சிங்களத்தில் கத்திக்கொண்டே வருகிறார். வெடி வைத்த சூடு ஆறாத சென்றியைப் பார்த்து ஒருத்தர் ஓடி வருகிறார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? மூன்று துவக்கும் அவர் பக்கம் திரும்பின. அவர் நின்றார். முழந்தாளிட்டார். முழந்தாளிலேயே ஒரு சுற்றுச் சுற்றி முதுகையும் காட்டினார். வாய் மட்டும் நிற்கவில்லை.

என்ன சொன்னார் என்பதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார். இவர் என்னிடம் பழகுகிறவர், இவருக்குப் பிறேக் பிடிக்கத் தெரியாது, பிறேக் இல்லாத ஊரிலிருந்து வந்தவர் என்று சொன்னாராம். அங்கிருந்த கோப்ரல் ஒரு இளம் பொடியன். அவன் நம்பவில்லை. நாற்பது வயது ஆள் பழகுகிறானா என்று கேட்டானாம். அதற்கு இவர், "அவருடைய செருப்பைப் பாருங்க சேர்" என்றாராம்.

என் செருப்புகள் வீதியில் கிடந்தன. கோப்ரல் ஒன்றைத் துவக்கு முனையால் புரட்டினான். குதிக்கால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்து, அடியில் நான் சைக்கிள் டயர் துண்டு வைத்துத் தைத்திருந்தேன். அந்தத் துண்டும் தேய்ந்திருந்தது. மற்றதையும் புரட்டினான். அதுவும் அப்படித்தான். அவன் என்னை எழுப்பச் சொன்னான். கடதாசிகளை எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது என்று நினைத்த நேரம் அவன் இன்னொன்று சொன்னான். இவரிடமே பழகுகிறவன் என்றால் இப்போது ஓடி நிறுத்திக் காட்டட்டும். நிறுத்தினால் போகலாம். நிறுத்தாவிட்டால் ஆளும் வண்டியும் ஆமிக் காம்புக்கு.

அவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "ஏலாது தம்பி. என்னால ஏலாது" என்றேன்.

அவர் வண்டியைத் தூக்கி, பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய், வளைவடியில் என்னிடம் கொடுத்தார். பிறகு நடந்து போய், சென்றிக்குப் பத்தடி முன்னால், பாதைக்கு நடுவே, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேட்டும் இல்லை, செருப்பும் இல்லை. நான் நிறுத்தாமல் போனால் முதலில் அவரை இடிப்பேன். அதற்குப் பிறகு எனக்கு வைக்கிற வெடியும் அவருக்கூடாகத்தான் வரும்.

"அண்ணை, சென்றியைப் பாக்காதீங்கோ. என்னைப் பாருங்கோ. காலைத் தூக்கி வையுங்கோ" என்று கத்தினார்.

ஏறினேன். முதலாம் கியர், இரண்டாம் கியர். "இன்னும்!" என்றான் கோப்ரல். மூன்றாம் கியர். அவருடைய விலா எலும்புகள் தெரிகிற தூரம் வந்தது. என் கால் தரைக்கு இறங்கப் பார்த்தது. ஐயோ, இறங்கத்தான் பார்த்தது. நான் அதைப் பிடித்து வைத்தேன். முறுக்குகிற கையை விட்டேன். கைப்பிறேக்கையும் கால்பிறேக்கையும் ஒன்றாக, மெல்ல, பிறகு இறுக்கிப் பிடித்தேன். பின் சில்லு கொஞ்சம் இழுபட்டது. வண்டி நின்றது. முன் சில்லுக்கும் அவருடைய முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். கிளச்சைப் பிடிக்க மறந்துவிட்டேன். எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுபோனது. பத்து வருடத்தில் முதல்தரம் நான் அதை நிற்க விட்டேன்.

கோப்ரல் கடதாசிகளைத் திருப்பித் தந்தான். தரும்போது அவரிடம் ஏதோ சொன்னான். சப்பாத்து ஒன்று வாங்கிப் போடச் சொல்லு என்றானாம்.

வண்டியை உருட்டிக்கொண்டு களப்புக் கரைக்குத் திரும்பினோம். பாதி வழியில் அவர் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அதுவரை அவருக்குப் பயமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாயைக் கழுவித் தண்ணீர் குடித்துக் கரையில் உட்கார்ந்த பிறகு, என்ன நினைத்துத் தம்பி ஓடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வண்டி என்ரை பேரில அண்ணை. உங்களைச் சுட்டா அடுத்தது என்னைத் தேடித்தானே வருவாங்கள்" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிறகு களப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்குப் பக்கத்து வீட்டு மனுசன் வேலிக்கு உள்ளுக்க நிண்டவர். நல்ல மனுசன். என்ரை வாப்பாவோட ஒரு பீங்கானில சாப்பிட்டவர். பயத்தில நிண்டார். ஒண்டும் கதைக்கேல்லை. நான் அவரைக் குறை சொல்லேல்லை அண்ணை. ஆனா அந்த நிண்ட நிலை என்ரை கண்ணுக்குள்ளேயே நிக்குது. இண்டைக்கு வெடி கேட்ட உடன எனக்கும் அப்பிடித்தான் கால் நிண்டது. நிண்டதும் எனக்கு அவரின்ரை ஞாபகம் வந்திட்டுது. பிறகு என்னால நிக்க முடியேல்லை."

சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை பரீட்சையில் பாஸ். முதலாம் திகதி வேலைக்குப் போனேன். பிள்ளைகள் படித்தார்கள். அவரோடு இன்றும் தொடர்பு இருக்கிறது. பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும். எல்லாம் கதைப்போம். அந்த ஒன்றை மட்டும் கதைத்ததில்லை. இங்கேதான் முதல்தரம் எழுதுகிறேன்.

தொண்ணூறில் அந்த முஸ்லிம் சனம் எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையாலும்தான் போனது. பெண்கள், பிள்ளைகள், கையில் ஒரு பை. நான் வேலிப் படலைக்கு உள்ளே என் மோட்டார் சைக்கிளோடு நின்றேன். என் கலியாணச் சேட்டைத் தைத்த தையல்காரர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். படலையடியில் வந்து என்னைப் பார்த்தார். நான் குனிந்து, பழுதில்லாத காபரேற்றரைத் திருத்துகிற மாதிரி, அவர் போகும்வரை நிமிராமல் இருந்தேன்.

அன்று மதகடியில் வெடி என்மேல் படாமல் போனது எப்படி என்று யோசித்து எத்தனையோ தரம் உடம்பு சில்லிட்டிருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை உலுக்குவது அந்த வெடியில்லை, அப்படிக் குனிந்து நின்ற ஒருவனுக்காகச் சேட்டைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தவர் அவர்களில் ஒருவர் என்பதுதான்.